ஊதா மூடி

ரிகாவில் மார்ச் மாதம்.
ஆற்றின் பனிப்பாளம் இரவில் முறிகிற சத்தம்
தரைக்கடியில் இருக்கும் எங்கள் ஆய்வகம்வரை கேட்கும்.
அல்லது அது குளிர்பெட்டியின் மோட்டாராகவும் இருக்கலாம்.
பதினாறு வருடமாக எனக்குச் சந்தேகம்.

திங்கள், காலை ஆறு நாற்பது.
சுவருக்குள் ஓடும் காற்றுக்குழாய் ஒரு பெருமூச்சு விட்டு
உருளையைத் தட்டில் துப்புகிறது.
உள்ளே இரண்டு மில்லி ரத்தம், ஊதா மூடி,
ஒட்டிய சீட்டில்: தாலிவால்டிஸ், அறுபத்தெட்டு,
தீவிர சிகிச்சை, படுக்கை ஐந்து.

முகம் பார்த்ததில்லை.
டிராம் ஓட்டியவர், குடல் கிழிந்து வந்தவர்,
அறுவைக்குப் பின் ஒன்பது நாளாக
அவருக்குப் பதிலாக ஓர் இயந்திரம் மூச்சு விடுகிறது.
இதெல்லாம் டாக்டர் உல்டிஸ் ஃபோனில் சொன்னது.
இன்று அந்தப் பால்குடியை மறக்கடிக்கப் பார்க்கிறார்கள்.
இயந்திரத்தைச் சும்மா நிற்கவைத்து
முப்பது நிமிடம் அவரே இழுத்து அவரே விடவேண்டும்.
தொடங்குமுன் ஒரு குழாய் ரத்தம்,
முடியும்போது இன்னொன்று.
அரை மணி நேரமும் மாடியில் நடக்கிறது.
எனக்கு வருவது அதன் இரண்டு ஓரங்கள்தான்.

இதயத்தின் சுவர் இழுபடும்போது
ரத்தத்தில் அது கசியவிடும் ஒரு பொருள் உண்டு.
அதைத்தான் எண்ணுகிறேன்.

முதல் குழாய்: இருநூற்றுப் பன்னிரண்டு.
இரண்டாவது: முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

உல்டிஸின் குரலில் எரிச்சல்.
"நிமிடத்துக்குப் பதினெட்டு மூச்சு. ஆக்சிஜன் தொண்ணூற்றேழு.
கண்ணைத் திறந்து என்னையே பார்க்கிறார், ஜின்ட்ரா.
குழாயை உருவக் கையுறை போட்டாயிற்று.
மறுபடி ஓட்டு."

மறுபடி ஓட்டினேன்.
முந்நூற்று எண்பத்தெட்டு.

மார்பு அழகாக ஏறி இறங்கியிருக்கிறது.
நுரையீரல் தன் பங்கை ஒழுங்காகச் செய்திருக்கிறது.
இதயம்தான், ஐந்து மாடி மூட்டை சுமப்பவன் மாதிரி
பல்லைக் கடித்துக்கொண்டு,
அதைப்பற்றி யாரிடமும் மூச்சுவிடாமல்.
ரத்தத்துக்கு அந்த நாகரிகம் கிடையாது.
கேட்டால் சொல்லிவிடும்.

ஃபோனில் கையுறை கழற்றும் சத்தம்.

அடுத்த இரண்டு நாள்
அவர் உடம்பில் தேங்கிய நீரை இறக்கினார்கள்.
எனக்குத் தெரிந்தது பொட்டாசியம் சரிந்தது,
ஏற்றினார்கள், சரிந்தது, ஏற்றினார்கள்.
தொற்றைக் காட்டும் எண்
பதினொன்றிலிருந்து இரண்டுக்கு வந்தது.
அவருக்கு மீசை உண்டா என்று தெரியாது.
அவர் சிறுநீரகத்தின் குணம் தெரியும்.

எண்ணை நான் கும்பிடுகிறவள் இல்லை.
போன நவம்பரில் வெல்டா என்றொரு பெண்.
நாற்பத்தொன்று, பிறகு நாற்பத்து மூன்று.
சிரித்துக்கொண்டே சொன்னேன்.
அன்றிரவே குழாய் தொண்டைக்குத் திரும்பியது:
சளியை இருமித் துப்ப அவளுக்குத் தெம்பில்லை.
இருமலுக்கு என்னிடம் ஊதா மூடி இல்லை.

புதன் காலை, நூற்று அறுபத்து நான்கு.
அரை மணி.
கறுப்பு ரொட்டியில் மீனை வைத்துக்கொண்டு
கடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
நூற்று எழுபத்தொன்று.

"ஏழுதானா?"
"ஏழுதான். இருமிப் பார்க்கச் சொல்லுங்கள்."
"சொல்லிவிட்டேன். என் சட்டையெல்லாம் சளி."
வைத்துவிட்டார்.

பிறகு ஒன்றும் இல்லை.
நல்ல செய்திக்கு யாரும் கீழே ஃபோன் செய்வதில்லை.
கெட்டதற்கும்தான்.
ஒருவரின் ரத்தம் வருவது நின்றால்
இரண்டு காரணம் இருக்கலாம்,
இரண்டுக்கும் திரையில் ஒரே வெற்றுக் கட்டம்.
வியாழன் முழுக்க
குழாய் துப்பிய ஒவ்வொரு சீட்டையும்
தேவைக்கு மேல் ஒரு நொடி பார்த்தேன்.

வெள்ளி, பதினொன்று இருக்கும்.
சுவருக்குள் பெருமூச்சு.
ஊதா மூடி.
தாலிவால்டிஸ், அறுபத்தெட்டு,
நான்காம் தளம், பொது வார்டு, படுக்கை இரண்டு.
அவசரம் என்ற கட்டத்தில் டிக் இல்லை.

வரிசையில் வைத்தேன்,
பதினாலாவதாக.